ஐந்தாவது வாய்

இருபத்தெட்டு வயது வரைக்கும் ஜெயம்மா கடலைக் கண்டதில்லை. அப்படியிருந்தும் நான்கு பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள்.

எல்லாம் அம்மை நோய் செய்த வேலை. கரவனெல்லைக்கு மேலே, றப்பர் மலைத் தோட்டமொன்றில், பிள்ளைக்காம்பரா அவள் பொறுப்பில் இருந்தது. விடிந்தும் விடியாததுமாகப் பால் வெட்டப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை அங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். பொழுது சாயும் வரை இருபத்தைந்து பிள்ளைகளுக்கும் அவள்தான் தாய், தகப்பன், காவற்காரி எல்லாம். அந்த வருஷம் பங்குனியில் சின்ன அம்மை காம்பராவுக்குள் நுழைந்து ஒன்று விடாமல் படுக்கப் போட்டது. மற்றவையெல்லாம் எழுந்துவிட்டன. நான்கு மட்டும் எழவில்லை. கஞ்சியைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன. கருப்பாயி மகன் ஏழுமலை, ஐந்து வயது. அவன் நிழலைப் போலத் திரியும் சுப்பம்மா. பேசவே யோசிக்கும் மாயழகு. மூன்று வயதுப் பேச்சி.

ஜெயம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், பாட்டுப் பாடினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இந்தக் கோப்பையக் குடிச்சிட்டு எந்திரிச்சீங்கன்னா, கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயி கடலு காட்டுவேன்."

ஏழுமலை ஒரு கண்ணைத் திறந்தான். "மெய்யாவா ஆயாம்மா?"

"மெய்யாத்தான்டா."

அவன் வாயையும் திறந்தான். அவனைப் பார்த்து மற்ற மூன்றும் திறந்தன.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்றிலிருந்து தொடங்கியது தொல்லை. "நாளைக்கா ஆயாம்மா?" என்று காலையில் நான்கு குரல், "அப்ப நாளன்னிக்கா?" என்று மாலையில் நான்கு குரல். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது கருப்பாயி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "கரவனெல்ல கடத்தெருவத் தாண்டாதவ, எம்மகனுக்குக் கொழும்பு காட்டப் போறாளாம்! கப்பல்லயும் ஏத்தி அனுப்பிருவா போல!"

ஜெயம்மாவின் புருஷன் முத்துவீரன் கூட, "காச்சல்ல கெடந்த பிள்ளைங்களுக்குச் சொன்னதெல்லாம் ஒரு பேச்சா? மறந்துரும், விடு" என்றான்.

"மறக்காதுங்க. அப்பிடியே மறந்தாலும், அடுத்த காச்சலுக்கு நான் கஞ்சியக் கொண்டு போறப்ப அதுங்க வாயத் தொறக்க வேணாமா?"



ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. வழி சொன்னவர் கரவனெல்லையில் கடை வைத்திருக்கும் பளீல் நானா. "எட்டியாந்தோட்டையில ரயில் ஏறினா மருதானையில இறங்கணும் தங்கச்சி. அங்க டிராம் ஈக்கி. கோட்டையில இறங்கி, காலிமுகக் கடற்கரை எங்க எண்டு கேட்டா சின்னப் பிள்ளையும் காட்டும். நாலு மணி ரயிலை விட்டுடாதீங்க, பொறகு ரயில் இல்ல. கடல் தண்ணி ஒரே உப்பு, பிள்ளையள குடிக்க விட்டுடாதீங்க."

புறப்படும்போது கருப்பாயி தன் மகனின் தலையில் எண்ணெய் தேய்த்து, கன்னத்தில் பொட்டும் வைத்து, கையைப் பிடித்து ஜெயம்மாவிடம் கொடுத்தாள். சிரிப்பு ஒன்றும் இல்லை அப்போது முகத்தில். "நாலு தல கொண்டு போற. நாலு தலையும் வந்து சேரணும். ஒண்ணு கொறஞ்சா நாளைக்கு ஒங் காம்பராவுல ஒரு பிள்ள இருக்காது, சொல்லிட்டேன்."

சின்ன ரயில் அவர்களை மருதானையில் இறக்கிவிடும்போது வெயில் ஏறிவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் பிள்ளைகள் நான்கும் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பதைப் போல வரிசையாக, அசையாமல் நின்றுவிட்டன. அவ்வளவு மனிதர்களை, அவ்வளவு சக்கரங்களை அவை ஓரிடத்தில் கண்டதில்லை. ஜெயம்மாவும் கண்டதில்லை. ஆனால் அதைக் காட்டிக்கொள்ள முடியுமா? முந்தானையின் நுனியைப் பேச்சிக்கும் மாயழகுக்கும் கொடுத்தாள். மற்ற இருவரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மனிதர் இழுத்துக்கொண்டு ஓட, றிக்ஷா ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று. ஏழுமலை வாயைப் பிளந்தான். "ஆயாம்மா, அந்த வண்டி மாட்டுக்கு அம்மையா? பாவம், அவரே இழுக்குறாரே!"

டிராம் வந்தபோது அதைவிடப் பெரிய சந்தேகம் வந்தது. மாடும் இல்லை, புகை விடும் எஞ்சினும் இல்லை. வீடு ஒன்று தானாக நடந்து வருவதைப் போல அது வந்து நின்றது. சுப்பம்மா ஏற மாட்டேன் என்றாள். ஏறிய பிறகு இறங்க மாட்டேன் என்றாள். டிக்கட் கொடுக்கும் சிங்கள மனிதர், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"முஹுத பலன்ன" என்றாள் ஜெயம்மா. கடல் பார்க்க.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். "அவசரப்படாதே அக்கே" என்று தம் மொழியில் சொன்னார். "முஹுத கொஹேவத் யன்னே நே." கடல் எங்கேயும் போய்விடாது என்றதும் டிராமில் இருந்தவர்கள் சிரித்தார்கள், என்னவென்று புரியாமலே பேச்சியும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் ஜெயம்மா அவசரப்பட்டுவிட்டாள். கோட்டை வருவதற்கு முன்பே, கட்டடங்களுக்கு இடையில் பளபளவென்று ஒரு தண்ணீர் விரிந்து கிடப்பதைக் கண்டாள். களனி கங்கையைவிடப் பெரிய தண்ணீரை அவள் பார்த்ததில்லை. இது அதைவிடப் பத்து மடங்கு. "கடலு! கடலுடா!" என்று கத்திக்கொண்டு, டிராம் நின்றதும் நான்கையும் அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கரையோரமாகவே நடந்தார்கள். தண்ணீரில் ஓடங்கள் போயின. ஒரு வெள்ளைக்காரன் சின்னப் படகைத் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனான். மாயழகு அவனுக்குச் சலாம் வைத்தான். அவனும் துடுப்பை விட்டுவிட்டுத் திருப்பிச் சலாம் வைத்தான். கால் வலிக்கும் வரை நடந்து, ஒரு பெரிய மாரா மரத்து நிழலுக்கு வந்தபோது ஏழுமலை படியிறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தான். திரும்பி வந்தான்.

"ஆயாம்மா, உப்பே இல்ல."

"நல்லாப் பாருடா."

"நல்லாத்தான் பாத்தேன். பீலித் தண்ணி மாதிரி இருக்கு. கொஞ்சம் நாறுது."

பக்கத்தில் துணி அடித்துக்கொண்டிருந்த சலவைக்காரப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மேக்க முஹுத நெவெயி நங்கி, வெவ!" இது கடல் இல்லையாம், குளமாம். கடல் அந்தப் பக்கம், கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று கையைக் காட்டினாள்.

ஜெயம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தான் காட்ட வந்த பொருள் இன்னதென்று தனக்கே தெரியாது என்பதைப் பிள்ளைகள் கண்டுகொண்டுவிட்டனவே. "சரி, சாப்பிட்டுட்டு நெசக் கடலுக்குப் போவோம். உக்காருங்க" என்று புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அவள் ஊட்டும் விதம் தனி. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு முகம் பார்த்து, பெயர் சொல்லி, கொஞ்சி ஊட்டினால் பொழுது போய்விடும். வரிசையாக உட்கார வைப்பாள், மடியில் சட்டி, உருண்டை பிடித்துக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கை போகும், திரும்பி வரும். கண்ணுக்குத் தெரிவது வாய்கள் மட்டும். திறந்திருக்கும் வாய்க்குச் சோறு. மூடிய வாயைத் தாண்டிக் கை போய்விடும். தாண்டிப் போகிறதே என்ற பயத்தில் எல்லா வாயும் திறக்கும். புதுப்பிள்ளை வந்து வரிசையில் உட்கார்ந்தால் அதற்கும் விழும். யார் பிள்ளை என்று அவள் கேட்டதில்லை.

அன்றும் அப்படியே. நெசக் கடலுக்கு வழி எது, நேரம் போதுமா என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. கை அதன் பாட்டுக்குப் போய் வந்தது. ஆறாவது சுற்றில் சோறு தீர்ந்துவிட்டது. அவளுக்கு ஆச்சரியம். நான்கு பேருக்கு எட்டுச் சுற்று வர வேண்டுமே?

"இன்னம் ஈக்கா?" என்றது வரிசையின் கடைசியில் ஒரு குரல்.

ஜெயம்மா அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

பட்டுப் பாவாடை. காதில் தங்கத் தோடு, கையில் தங்கக் காப்பு. நான்கு வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை, வாயைச் சுற்றிப் புளிச்சோறும் கருவாட்டுத் துகளுமாக, பேச்சியின் தோளில் சாய்ந்துகொண்டு சொந்தக்காரியைப் போல உட்கார்ந்திருந்தது.

"யாரும்மா நீ?"

"நூரியா."

"எப்ப வந்த?"

"முந்தியே வந்த."

"ஆமா ஆயாம்மா, மொத சுத்துலயே வந்துருச்சு" என்றாள் சுப்பம்மா. "நீங்கதான் ஊட்டுனீங்க."

ஜெயம்மா எழுந்து நாலா பக்கமும் பார்த்தாள். சலவைக்காரியும் போய்விட்டாள். தோட்டத்துக் கூலிப் பெண்ணொருத்தி, பக்கத்தில் தங்கக் காப்புப் போட்ட பணக்காரப் பிள்ளை. போலீஸ்காரன் ஒருவன் பார்த்தால் என்ன நினைப்பான்? பிள்ளையைத் தூக்கி, முந்தானையால் கையை மூடினாள். "ஒங்க வீடு எங்க தங்கம்?"

நூரியா கடலுக்கு எதிர்ப் பக்கத்தைக் காட்டினாள். "எங்கட வீட்டுக்குப் பச்சைக் கதவு."

"இவளையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போவோம் ஆயாம்மா" என்றான் ஏழுமலை. "பாத்துட்டு வந்து வீட்டுல விடுவோம். கால் மணி நேரம்தான்னாங்கல்ல?"

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். வீட்டைத் தேடப் போனால் கடல் கைநழுவிவிடும். இத்தனை நாள் காத்திருந்த நான்கு முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் அவளுக்குக் கருப்பாயியின் முகம்தான் கண்முன் வந்தது, மகனின் கையைப் பிடித்துக் கொடுத்தபோது இருந்த முகம். இந்தப் பிள்ளைக்கும் ஒருத்தி இருப்பாள். இந்த நிமிஷம் அவள் எந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கிறாளோ.

"மொதல்ல பிள்ளைய விடுவோம். கடலு எங்கயும் போயிராதுன்னு டிராம்காரரு சொன்னாருல்ல?"

ஏழுமலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் வந்தான்.

கொம்பனித்தெருவுக்குள் நுழைந்ததும் ஜெயம்மாவுக்குத் தலை சுற்றியது. பச்சைக் கதவு ஒன்றல்ல. தெரு நெடுகப் பச்சைக் கதவுதான். "இதா? இதா?" என்று கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் நூரியா தலையை ஆட்டினாள். ஆண்கள் நடமாட்டமும் இல்லை. மூடிய கதவுகளுக்குப் பின்னால் பெண்கள் குரல் மட்டும் கேட்டது.

வீடு வீடாகத் தட்டிக்கொண்டிருந்தால் நாலு மணியாகிவிடும். ஜெயம்மா தெரு நடுவில் நின்றாள். பொழுது சாய்ந்ததும் காம்பரா வாசலில் நின்று அவள் தாய்மாரைக் கூப்பிடுவது வழக்கம். அந்தக் குரல் மூன்று மலை தாண்டிப் போகும். இடுப்பில் கையை வைத்து, கழுத்தை நிமிர்த்தி, அந்தக் குரலை எடுத்தாள்.

"நூரியாவப் பெத்தவ எங்கயோ... வந்து பிள்ளைய வாங்கிக்கோ... ஓஓஓய்!"

நான்கு பிள்ளைகளுக்கும் இது பழகிய வேலை. "ஓஓஓய்!" என்று சேர்ந்துகொண்டன.

மலையில் என்றால் குரல் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பும். இங்கே மாடிச் சுவர்களில் பட்டுத் தெருக் கோடிவரை உருண்டு போயிற்று. காகங்கள் எழும்பின. மேலே பலகணிகள் பட்பட்டென்று திறந்தன. நான்காவது வீட்டுப் பச்சைக் கதவு அடித்துத் திறக்க, ஒரு பெண் வெறுங்காலோடு தெருவுக்கே ஓடி வந்துவிட்டாள். பட்டப்பகலில் தெருவுக்கு வராதவள் என்பது அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதிலேயே தெரிந்தது.

"யா அல்லாஹ்! எனக்கிட புள்ள!" நூரியாவைப் பறித்து முத்தமிட்டாள், முதுகில் ஒன்று வைத்தாள், திரும்ப முத்தமிட்டாள். "எங்கடி போன? கிணத்துக்குள்ளயும் பாத்தமே!"

"சோறு திண்ட" என்றாள் நூரியா.

தாய் பிள்ளையின் முகத்தைத் திருப்பி, வாயை உற்றுப் பார்த்தாள். அவள் பெயர் ஸாஹிரா. வாசலில் நின்ற அவள் கணவனின் தங்கை மர்லியா கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்ன திண்ட? சோறா? யாரு, இவளா?"

ஜெயம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "கருவாட்டுப் புளிச்சோறுங்கம்மா. வேற ஒண்ணும் சேக்கல. எம் பிள்ளைங்களோட உக்காந்திருந்துச்சு, நான் முகத்தப் பாக்காம ஊட்டிட்டேங்க. ஆறு உருண்டை."

"ஆறு!" ஸாஹிரா அழுதுகொண்டிருந்தவள் சிரிக்கத் தொடங்கினாள். "ஒரு வாய் ஊட்ட நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடுற. கிளிய காட்டணும், கத சொல்லணும். அப்பவும் துப்பிப் போடுவா! மச்சி, ஆறாம்!"

"ஓதிப் பாத்தம், தாயத்தும் கட்டினம்" என்றாள் மர்லியா. "ஒரு உருண்டைக் கருவாடு போதுமாயிருந்திருக்கு!"

உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குச் சர்பத் வந்தது, வட்டிலாப்பம் வந்தது. எப்படி ஊட்டினாய், காட்டு என்று ஸாஹிரா பிடித்த பிடியில் நின்றாள். பெரிய சஹன் தட்டு நிறையச் சோறு வந்தது. ஜெயம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஐவரையும் தன் நால்வரையும் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்தாள். கை போயிற்று, வந்தது. வாய்கள் திறந்தன. வாசற்படியில் நின்று பார்த்த மர்லியாவின் வாயும் திறந்திருந்தது. வேகத்தில் ஜெயம்மாவின் கை அவளுக்கும் ஓர் உருண்டையை நீட்டிவிட, வீடே சிரிப்பில் குலுங்கியது.

தேடப் போயிருந்த ஸாஹிராவின் கணவர் தாஸிம் வியர்த்து வழிந்துகொண்டு வந்து, மகளைக் கண்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துச் சுவர்க் கடிகாரம் இரண்டரைக்கு ஒற்றை மணி அடித்தது.

"ஆயாம்மா" என்று ஏழுமலை மெல்லச் சேலையை இழுத்தான். "கடலு?"

ஜெயம்மா கையைக் கழுவினாள். என்ன என்று ஸாஹிரா துருவிக் கேட்டபோதுதான் அம்மையும் கஞ்சியும் வாக்கும் வெளியே வந்தன. "நாலு மணிக்கு ரயிலுங்க. இனி எங்க பாக்குறது? இன்னொரு நாளைக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போகணும். நம்பாதுங்க. அதான் மனசு கஷ்டமா இருக்கு."

"இன்னொரு நாளா?" தாஸிம் எழுந்தார். "இங்கன ரெண்டு தெரு தள்ளி ஈக்கிற கடலுக்கா? வண்டியப் பூட்டச் சொல்லுங்க! கடல காட்டி, நேரா மருதானையில கொண்டு போய் விடட்டும்."

"நானும் போகவா?" என்று கேட்டாள் ஸாஹிரா.

மர்லியா திரும்பிப் பார்த்தாள். தாஸிமும் பார்த்தார். இன்றைக்கு எதையும் மறுக்கும் நிலையில் அவர் இல்லை. "போ. வண்டிய விட்டு மட்டும் இறங்காத."

திரை கட்டிய கூண்டு வண்டியில் ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவராக ஏறினார்கள். வழியில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. காற்றில் றப்பர்க் காடு முழுதும் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்வதைப் போன்ற சத்தம். வண்டி நின்றது. வண்டிக்காரர் பின்திரையைத் தூக்கினார்.

 டிராமுக்கும் றிக்ஷாவுக்கும் வாய் ஓயாத ஏழுமலை வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். ஜெயம்மா கரை எங்கே என்று தேடினாள். எதிர்ப் பக்கம் கரையே இல்லை. தான் சொன்ன சொல் இவ்வளவு பெரியதென்று அவளுக்கே அன்றுவரை தெரியாது.

ஏழுமலை கேட்டான். "ஆயாம்மா, இதுக்கு எந்தத் தொர?"

"இதுக்குத் தொர இல்லடா."

"அப்ப யாரு வேல வாங்குறது?"

"பாரேன், அதுவாத்தானே வேல செய்யுது."

அவன் பார்த்தான். அலை வந்தது, போயிற்று, திரும்பவும் வந்தது. யாரும் அதட்டவில்லை. அவனுக்கு அது பிடித்துவிட்டது. ஒரு கூச்சல் போட்டுக்கொண்டு அவன் ஓட, சுப்பம்மா ஓட, மாயழகும் பேச்சியும் நூரியாவும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஸாஹிரா வண்டிக்குள் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள். "கலியாணம் முடிச்சு இந்தத் தெருவுக்கு வந்து ஏழு வருஷம். திரை இடுக்காலதான் கண்ட. ஒரு நாளும் கால் நனைச்சில்ல."

"வாங்கம்மா."

"இறங்க வேணாமெண்டாரே?"

"ஐயா வண்டிய விட்டு இறங்கத்தானே வேணாமுன்னாரு? தண்ணிய மிதிக்க வேணாமுன்னு சொல்லலையே!"

வண்டிக்காரர் மாட்டின் கழுத்துக் கயிற்றை ஆராயத் தொடங்கிவிட்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஸாஹிரா வீட்டுப் பெண்கள் வெளியிடங்களுக்குப் போனால் வண்டிக்கும் வாசலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் வெள்ளைத் துப்பட்டியை உயர்த்திப் பிடிப்பார்கள். அதற்கு நடுவில்தான் நடப்பார்கள். வண்டிக்குள் அப்படி இரண்டு துப்பட்டிகள் மடித்தபடி கிடந்தன. ஜெயம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டாள். இந்தப் பக்கம் ஏழுமலையும் பேச்சியும், அந்தப் பக்கம் சுப்பம்மாவும் மாயழகும் முனைகளைப் பிடித்து, கையை எட்டும் மட்டும் தூக்கினார்கள்.

எட்டியது ஸாஹிராவின் இடுப்பு வரைக்கும்தான். பேச்சியின் பக்கம் அதுவும் இல்லை.

"ஒசத்திப் பிடிங்கடா!"

"இதுக்கு மேல கையி இல்ல ஆயாம்மா!"

ஸாஹிரா தன்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கொழும்புக் காற்று முழுதும் முகத்தில் அடிக்க, இடுப்புக்குக் கீழே மட்டும் மிக ஒழுங்காக மறைத்துக்கொண்டு, மணலில் முதல் அடி வைத்தாள். இரண்டாவது அடியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அவள் சிரிப்பதைக் கண்டு பிள்ளைகள் சிரிக்க, துப்பட்டி இன்னும் கீழே இறங்கியது. தண்ணீருக்கு வந்து சேர்ந்தபோது அலை ஒன்று எழுந்து, துப்பட்டியையும் அதை விடவே மாட்டேன் என்று பிடித்திருந்த பேச்சியையும் சேர்த்து இழுத்தது. ஸாஹிரா பாய்ந்து பேச்சியைத் தூக்கினாள். இருவரும் தலையிலிருந்து கால்வரை நனைந்தார்கள்.

"ரயிலுக்கு நேரமாகுது!" என்று வண்டிக்காரர் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

ஜெயம்மா கூப்பிட வாயெடுத்தாள். அடுத்த அலை தூரத்தில் உருண்டு திரண்டு வந்துகொண்டிருந்தது. இது ஒன்று மட்டும் வந்து போகட்டும் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளும் இறங்கினாள்.